எலி சொன்னதில் பாதி

"எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதனுக்குப் பலிக்காது." படித்தவர்கள் கூடும் இடத்தில் இன்று சுலபமாகக் கைதட்டல் வாங்கித் தரும் வாக்கியம் இது. முன்பு விலங்குநல அமைப்புகள்தான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தன. இப்போது அரசுகளின் அறிவிப்புகளிலும் இந்தக் குரல் கேட்கிறது. புது மருந்தை மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்கில் சோதித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்திலிருந்து நீக்கியது. 2023 மார்ச்சில் இந்தியாவும் தன் மருந்து ஆய்வு விதிகளைத் திருத்தி மாற்று முறைகளுக்கு இடம் கொடுத்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சில வகை மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் கைவிடும் திட்டத்தை வெளியிட்டது. இந்த மாற்றங்களில் பலவற்றோடு எனக்குச் சண்டையில்லை. அவற்றுக்குத் துணையாகப் பரப்பப்படும் ஒரு கருத்தோடுதான் சண்டை. எலி ஆய்வு, அதிலும் மூளை பற்றிய எலி ஆய்வு, நமக்கு வழிகாட்டியதைவிட நம்மை வழிதவறச் செய்ததே அதிகம் என்பது அந்தக் கருத்து.

அந்தத் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுகிறேன். மனிதச் சோதனைக்குள் நுழையும் மருந்துகளில் பத்தில் ஒன்பது தோற்றுப்போகின்றன. அத்தனையும் விலங்குகளில் தேறி வந்தவை. சுண்டெலியின் மூளை எடையில் அரை கிராம்கூட இல்லை, மடிப்பில்லாமல் வழவழவென்று இருக்கிறது. சில வாரங்களில் அது வளர்ந்து முடிந்துவிடுகிறது. மனித மூளைக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இதற்குமேல் அவர்கள் நிறுத்தும் முதன்மைச் சாட்சி, பியூமெட்டனைடு என்ற மருந்தின் கதை.

பிறந்ததும் அழாத குழந்தைகளை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு போதாமல் போன அந்தக் குழந்தைகளில் பலருக்கு முதல் ஓரிரு நாளிலேயே வலிப்பு வருகிறது. முதலில் கொடுக்கப்படுவது ஃபீனோபார்பிட்டோன். பலருக்கு அது போதவில்லை. ஏன் போதவில்லை என்பதற்கு எலிக்குட்டிகள் ஒரு விடை தந்தன. காபா என்ற வேதிப்பொருள் வளர்ந்த மூளையின் நரம்புச் செல்களை அடக்குகிறது. ஃபீனோபார்பிட்டோன் அந்த அடக்கும் வேலையைத்தான் கூட்டிவிடுகிறது. ஆனால் பிறந்த எலிக்குட்டியின் மூளையில் காபா செல்களைத் தூண்டுகிறது என்று 1989இல் யெஹெஸ்கேல் பென்-ஆரியின் குழு காட்டியது. இளம் செல்லுக்குள் குளோரைடு மிகுதியாக இருப்பதே காரணம். அதை உள்ளே ஏற்றுவது என்.கே.சி.சி.1 என்ற புரதம். அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே கடையில் இருந்தது. வீக்கத்துக்கும் இதய நோய்க்கும் நீர் பிரிய வைக்கக் கொடுக்கும் லாசிக்ஸுக்கு உறவான பியூமெட்டனைடுதான் அது. 2005இல் எலிக்குட்டிகளின் வலிப்பை அது குறைத்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பாவில் பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 14 குழந்தைகளோடு சோதனை நிறுத்தப்பட்டது. முடிவு 2015இல் வெளியானது. மருந்து பயன் தருவதாகத் தெரியவில்லை. பிழைத்த 11 குழந்தைகளில் 3 பேருக்குக் காது கேட்கவில்லை.

"எலியை நம்பினோம், குழந்தைகள் செவியை இழந்தார்கள்" என்று இந்தக் கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். கேட்பவருக்குப் பகீரென்கிறது. என் மறுப்பு இங்கிருந்து தொடங்குகிறது.

1. அந்த எலிகளிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு. 2005இன் எலிக்குட்டிகள் மூச்சுத்திணறிப் பிறந்தவையல்ல. ஆரோக்கியமான குட்டிகளுக்குக் கைனிக் அமிலம் என்ற நச்சைச் செலுத்தி வலிப்பு வரவழைத்தார்கள். ஒரு மருந்தின் இயங்குமுறை செயல்படுகிறதா என்று பார்க்க அது சரியான வழி. ஆனால் பிரசவ அறையில் பிராணவாயு இல்லாமல் அடிபட்ட மூளைக்கு அதே விடையைப் பெயர்த்து வைத்தது எலி அல்ல, மனிதர்கள். பால்டிமோரில் ஒரு குழு, சுண்டெலிக் குட்டிகளின் கழுத்து ரத்தக்குழாயைக் கட்டி மூளைக்கு ரத்தம் குறையச் செய்து, அதனால் வரும் வலிப்பை ஆராய்ந்தது. ஏழு நாள் குட்டிகளின் வலிப்பு ஃபீனோபார்பிட்டோனுக்கு அடங்கவில்லை. பியூமெட்டனைடைச் சேர்த்தும் அடங்கவில்லை. அதாவது, நோயை ஓரளவு ஒத்த நிலையில் கேட்டபோது சுண்டெலியும் குழந்தைகளைப் போலவே "இல்லை" என்றுதான் சொன்னது. அந்த ஆய்வு வெளியானதும் 2015இல்தான், குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து முடித்த பிறகு. வரிசை தலைகீழாகிப் போனதற்கு எந்த எலியும் பொறுப்பல்ல.

எலித் தரப்பில் ஒரே குரல்தான் இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. பிராணவாயுவைக் குறைத்து வலிப்பு வரவழைத்த வேறொரு எலி ஆய்வில், 2013இல், இரண்டு மருந்துகளும் சேர்ந்து நல்ல பலன் தந்தன. ஹானோவரில் வோல்ஃப்காங் லோஷரின் குழு இன்னொரு சந்தேகத்தை எழுப்பிக்கொண்டிருந்தது: வழக்கமான அளவில் கொடுத்தால் பியூமெட்டனைடு மூளைக்குள் போய்ச் சேர்வதே அரிது. அந்த அளவீடுகளும் எலிகளில், சுண்டெலிகளில் எடுக்கப்பட்டவைதாம். "எலி ஆம் என்றது" என்பவர்கள் இந்த வாக்குமூலங்களில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு எழுந்துபோனவர்கள்.

மனிதத் தரப்பிலாவது கதை முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. ஐரோப்பியச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெறாத குழு கிடையாது. பாஸ்டனில் 43 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கும் முறையில் பிரித்து, யாருக்கு எது என்று தெரியாமல் நடத்திய சோதனையின் முடிவு 2021இல் வந்தது. ஃபீனோபார்பிட்டோனோடு பியூமெட்டனைடும் பெற்றவர்களுக்கு வலிப்பின் சுமை கூடுதலாகக் குறைந்திருந்தது. சிறிய சோதனைதான், அதை வைத்துக் கொடியேற்ற முடியாது. ஆனால் "எலியில் பலித்தது, மனிதரில் தோற்றது" என்ற வாக்கியத்தின் இரண்டாம் பாதியே இன்னும் தீர்ப்பாகவில்லை என்பதற்கு அது போதும்.

2. காது கேளாமல் போகும் என்று சொன்னதே சுண்டெலிதான். இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத இடம் இது. செவி இழப்பு யாரும் எதிர்பாராத அதிர்ச்சி போலவும், எலி அதை மறைத்துவிட்டது போலவும் பேசுகிறார்கள். என்.கே.சி.சி.1 மரபணுவை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றி 1999லேயே ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் எழுதிவிட்டன. அந்தச் சுண்டெலிகள் செவிடு. செவியோடு சமநிலை உறுப்பும் கெட்டதால் அவை தலையை ஆட்டிக்கொண்டு வட்டமிட்டுச் சுற்றின.

காரணமும் தெளிவாகவே தெரிந்திருந்தது. உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட குழாயின் நடுவில் பொட்டாசியம் செறிந்த ஒரு திரவம் இருக்கிறது. அதன் மின்னழுத்தம் சுமார் 80 மில்லிவோல்ட். ஒலியை மின்குறியாக மாற்றும் மயிர்ச் செல்களுக்கு அதுதான் பேட்டரி. அந்தத் திரவத்துக்குப் பொட்டாசியம் ஏற்றும் திசுவில் இதே என்.கே.சி.சி.1 உட்கார்ந்திருக்கிறது. அது நின்றுபோனால் திரவம் வற்றுகிறது, மென்சவ்வு சரிந்து விழுகிறது, பேட்டரி இறங்கிவிடுகிறது. மூளையில் அடைக்க விரும்பிய அதே வாசல் காதிலும் இருக்கிறது, அதை அடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சுண்டெலி ஆறு வருடம் முன்னதாகவே சொல்லியிருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். செவிட்டுத்தன்மையை ஆராயும் கூடங்களில் கினிப் பன்றியையோ எலியையோ விரைவாகச் செவிடாக்க ஒரு பழைய வழி உண்டு: கானாமைசின் வகை ஆன்டிபயாடிக் ஒன்று, அதோடு லாசிக்ஸ் வகை நீர் மருந்து ஒன்று. தனித்தனியே கொடுத்தால் சேதம் குறைவு. சேர்த்துக் கொடுத்தால் மயிர்ச் செல்கள் கொத்துக் கொத்தாக மடிகின்றன. இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் வலிப்போடு கிடக்கும் பச்சிளங்குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கிருமித்தொற்று இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அதற்கு வழக்கமாக ஏறிக்கொண்டிருப்பது ஜென்டாமைசின், கானாமைசினின் உடன்பிறப்பு. அதன்மேல் பியூமெட்டனைடு. நீர் மருந்துகளால் காது பாதிக்கப்படலாம் என்பது 1960களிலிருந்து மனித நோயாளிகளிடமும் பார்த்ததுதான்.

மூச்சுத்திணறலே செவியைக் கெடுக்கும். 11 குழந்தைகளை வைத்து எது எதனால் என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. இருந்தாலும் கேட்கிறேன். எலி ஆய்வு பயனற்றது என்பதற்குக் காட்டப்படும் சாட்சியங்களிலேயே மிகக் கொடூரமான இந்த ஒன்று, எலி ஆய்வு மிகத் துல்லியமாக முன்னறிவித்த ஒன்றாக இருக்கிறதே, இதை என்ன செய்வது? வலிப்பு ஆராய்பவர்கள் வலிப்பு இதழ்களைப் படிக்கிறார்கள், செவி ஆராய்பவர்கள் செவி இதழ்களை. இரண்டு துறைக்கும் நடுவில் இருந்த சுவரை எழுப்பியது எந்த எலி?

3. பத்தில் ஒன்பது தோல்வி என்ற கணக்கு எதையும் நிரூபிக்கவில்லை. தோற்ற அந்த ஒன்பதும் எலியில் மட்டும் தேறியவையல்ல. சோதனைக் குழாயில், மனிதச் செல்களில், கணினிக் கணிப்பில், பல நேரம் முதல் கட்ட மனிதச் சோதனையிலும் தேறியவை. பழி மட்டும் எலியின் தலையில். பிளஸ் டூ தேறியவர்களில் ஐ.ஏ.எஸ். ஆனவர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை, எனவே பிளஸ் டூ தேர்வு மோசடி என்று யாராவது வாதிட்டால் சிரிப்போம். வடிகட்டியை மதிப்பிட, கடந்து வந்தவை எத்தனை தோற்றன என்பதோடு அது தடுத்து நிறுத்தியவை எத்தனை என்பதும் தெரிய வேண்டும். விலங்கில் நச்சாகி அங்கேயே கைவிடப்பட்ட மருந்துகள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

2024இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 54 மனித நோய்களுக்கான 367 சிகிச்சைகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. விலங்கில் சோதிக்கப்பட்டவற்றில் பாதி மனித ஆய்வுக்கு வந்தன. ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்றவை 5 சதவீதம்தான். இந்த 5ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது: விலங்கில் கிடைத்த நல்ல முடிவும் மனிதரில் கிடைத்த நல்ல முடிவும் ஒத்துப்போன அளவு 86 சதவீதம். இந்த இரண்டு எண்களும் ஒரே ஆய்வில் எப்படி வரும்? ஆரம்பகட்டச் சோதனை விலங்கோடு ஒத்துப்போகிறது. கறாரான பெரிய சோதனையும் அனுமதியும் வரும்போது மருந்து உதிர்ந்துவிடுகிறது. விலங்கு ஆய்வும் சிறிய மனித ஆய்வும் ஒரே மாதிரி தளர்வாக நடத்தப்படுகின்றன என்பது இதற்கு ஒரு விளக்கம்: குறைந்த எண்ணிக்கை, சீட்டுக் குலுக்காத பிரிப்பு, எந்தக் குட்டிக்கு எது கொடுத்தோம் என்று தெரிந்துகொண்டே மதிப்பிடுவது, நல்ல முடிவை மட்டும் அச்சேற்றுவது. இவை ஆராய்ச்சியாளரின் பழக்கங்கள். எலியை எடுத்துவிட்டு அங்கே மனிதச் செல்களைக் கொண்ட சில்லை வைத்தாலும் பழக்கம் கூடவே வரும்.

4. எலியின் மூளையும் காதும் வேறுதான். அதை முதலில் சொன்னவர்கள் எலி ஆய்வாளர்கள். வேறுபாடு இருக்கிறது என்பது ஒரு தகவல். அது வாதமாக வேண்டுமானால், இந்தக் கேள்விக்கு இந்த வேறுபாடு குறுக்கே நிற்கிறதா என்று காட்ட வேண்டும். மனிதக் குழந்தை கருவிலேயே ஒலியைக் கேட்கத் தொடங்குகிறது. சுண்டெலிக்குப் பிறந்து ஏறக்குறைய 12 நாள் கழித்துத்தான் காது திறக்கிறது. ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்தின் மரபணு பழுதானதால் பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு மரபணுச் சிகிச்சை தேட வந்தவர்கள் இந்த இடத்தில்தான் நின்று யோசித்தார்கள். இந்தப் புரதம் இல்லாத சுண்டெலி செவிடு என்றும், மயிர்ச் செல்லிலிருந்து நரம்புக்குச் செய்தி கைமாறும் இடத்தில் வேலை நிற்கிறது என்றும் 2006இல் பாரிஸ் குழு ஒன்று காட்டியிருந்தது. காது திறக்குமுன் குட்டிக்கு ஊசி போட்டுக் கேட்க வைத்தால் அது மனிதருக்குப் பயன்படாது; மனிதக் குழந்தை பிறக்கும்போதே அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறது. எனவே 2019இல் வெளியான ஆய்வில், காது முதிர்ந்துவிட்ட, 30 நாள் வயதான சுண்டெலிகளுக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். மரபணு பெரியது, சுமந்துபோகும் வைரஸுக்குள் முழுதாக அடங்காது. இரண்டு துண்டாக்கி இரண்டு வைரஸ்களில் ஏற்றினார்கள். செவிட்டுச் சுண்டெலிகளுக்குக் காது கேட்டது.

2022 டிசம்பரில் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதல் குழந்தைக்கு இந்த வகைச் சிகிச்சை தொடங்கியது. 2024 ஜனவரியில் லான்செட் இதழ் ஆறு குழந்தைகளின் முடிவை வெளியிட்டது. ஐந்து பேருக்குச் செவித்திறன் திரும்பியிருந்தது. சுண்டெலிக் காதுக்கும் மனிதக் காதுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்து, அதற்கேற்ப வயதை மாற்றிக் கேட்டதால் கிடைத்த விடை இது. "எலி வேறு" என்று 2006இலேயே கடையைக் கட்டியிருந்தால் அந்த ஐந்து குழந்தைகளும் இன்றும் அமைதியில்தான் இருந்திருப்பார்கள்.

எலி முந்திக்கொண்டு கேட்ட கேள்விகளும் உண்டு. 2009இல் ஷரோன் குஜாவாவும் சார்ல்ஸ் லிபர்மனும் சுண்டெலிகளை இரண்டு மணி நேரம் 100 டெசிபல் இரைச்சலில் வைத்தார்கள். கேட்கும் திறன் ஓரிரு வாரத்தில் பழையபடி திரும்பிவிட்டது. வழக்கமான பரிசோதனையில் காது நலம். காதைத் திறந்து பார்த்தால், மயிர்ச் செல்லும் நரம்பும் சேரும் இணைப்புகளில் ஏறக்குறைய பாதி, உயர் சுருதிப் பகுதியில், நிரந்தரமாகப் போயிருந்தன. உயிரோடிருக்கும் மனிதரிடம் இதை அளக்கும் முயற்சிகள் முரண்பட்ட முடிவுகளைத் தருகின்றன, உண்மைதான். ஆனால் இறந்தவர்களின் செவி எலும்புகளை ஆராய்ந்ததில் மயிர்ச் செல்கள் இருக்கும்போதே நரம்பிழைகள் வயதோடு குறைவது தெரிகிறது. "டெஸ்ட் நார்மல், ஆனால் கூட்டத்தில் பேசுவது புரியவில்லை" என்று வருபவரை மனப்பிரமை என்று அனுப்பாமல் இருக்க இன்று ஒரு காரணம் கிடைத்திருக்கிறதென்றால் அது சுண்டெலி தந்தது.

5. எலி உண்மையிலேயே குழப்பிய இடங்கள் உண்டு. அவற்றை இவர்கள் பேசுவதில்லை. நானே ஒன்றைத் தருகிறேன். பெர்லினில் 2002இல் நடந்த ஆய்வில், ஃபீனோபார்பிட்டோன் உள்ளிட்ட பழைய வலிப்பு மருந்துகள் ஏழு நாள் எலிக்குட்டிகளின் மூளைச் செல்களைச் சாகடித்தன. லெவெடிராசெட்டம் என்ற புது மருந்து எலிக்குட்டிகளில் அப்படிச் செய்யவில்லை. போதிய மனிதச் சோதனை இல்லாமலே பிறந்த குழந்தைகளுக்கு லெவெடிராசெட்டம் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. இந்த எலித் தகவலும் அதற்கு ஒரு தூண்டுகோல். 2020இல் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஃபீனோபார்பிட்டோன் பெற்றவர்களில் 80 சதவீதத்தினருக்கு 24 மணி நேரம் வலிப்பு நின்றது. லெவெடிராசெட்டத்தில் 28 சதவீதம்.

எலி தவறாகச் சொன்னதா? "இது செல்லைக் கொல்லவில்லை" என்று அது சொன்னது. "இது வலிப்பை நிறுத்தும்" என்று நாம் எழுதிக்கொண்டோம். மயக்க மருந்தின் கதையும் இப்படித்தான். ஆறு மணி நேரம் மயக்கத்தில் வைத்த எலிக்குட்டிகள் பின்னால் கற்பதில் பின்தங்கின என்ற 2003 ஆய்வைக் காட்டி, அரை மணி நேரக் குடலிறக்க அறுவைக்கு வந்த பெற்றோரைப் பயமுறுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைவான மயக்கத்தால் ஐந்து வயதில் எந்த வேறுபாடும் இல்லை என்று கைக்குழந்தைகளில் நடந்த பெரிய சோதனை 2019இல் காட்டியது. எலியின் ஆறு மணி நேரத்தை இந்த ஒரு மணி நேரம் பொய்யாக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

6. மாற்று என்று முன்வைக்கப்படுபவற்றில் முழு உடல் கிடையாது. செல்களைக் கொண்ட சில்லும், ஆய்வகத்தில் வளர்த்த சிறு மூளை உருண்டையும் அருமையான கருவிகள். கல்லீரல் நச்சைப் பார்க்க எலியைவிடச் சில் சிறந்தது என்று நிரூபணமானால் நாளைக்கே எலியை விடுவிக்கலாம். ஆனால் பியூமெட்டனைடின் சிக்கலே அது ஒரே உடலில் சிறுநீரகம், காது, மூளை மூன்றையும் தொட்டதுதான். மூளை உருண்டைக்குக் காது இல்லை. காதுச் சில்லுக்குச் சிறுநீரகம் இல்லை.

எலியைத் துன்புறுத்துவது கொடுமை, அதனால் நிறுத்துங்கள் என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான வாதம். உட்கார்ந்து பேசலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம், வலியைக் குறைக்கலாம், சிலவற்றைத் தடை செய்யலாம். ஆனால் அந்த வாதம் ஒரு விலை கேட்கிறது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் "எப்படியும் பயனில்லை" என்ற சௌகரியமான பொய்யைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறார்கள். எலியை விலக்கினால் முதன்முதலாக மருந்து ஏறும் உடல் ஒரு குழந்தையினுடையது.

அந்தக் குழந்தை எந்த ஊரில் இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மூச்சுத்திணறிப் பிறந்தவர்களை 72 மணி நேரம் 33.5 டிகிரிக்குக் குளிர்விப்பது பணக்கார நாடுகளில் உயிரையும் மூளையையும் காத்தது. அதற்குமுன் செம்மறிக் கருவிலும் பன்றிக்குட்டியிலும் எலிக்குட்டியிலும் பார்த்தாகிவிட்டது. அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில், சென்னை உட்பட, 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஹீலிக்ஸ் என்ற அந்தச் சோதனையின் முடிவு 2021இல் வந்தது. குளிர்வித்தவர்களில் இறந்தவர்கள் 42 சதவீதம், குளிர்விக்காதவர்களில் 31. இங்கும் "விலங்கு ஆய்வு ஏமாற்றியது" என்றார்கள். ஆனால் ஹீலிக்ஸ் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு, 2014இல், மரியான் தோரெசனின் குழு ஒரு வகைப் பாக்டீரியாவின் நச்சை முதலில் செலுத்தி, பிறகு பிராணவாயுவைக் குறைத்த எலிக்குட்டிகளைக் குளிர்வித்துப் பார்த்திருந்தது. மூளை காப்பாற்றப்படவில்லை. வேறு வகைப் பாக்டீரியாவின் கூறைச் செலுத்திய குட்டிகளில் குளிர்விப்பு பலித்தது என்பது பின்னால் தெரிந்தது. நம் பிரசவ அறைகளில் நடந்தது இதுதானா என்பது நிரூபிக்கப்படவில்லை. தொற்றா, தாயின் ஊட்டக்குறைவா, மூச்சுத்திணறல் பிரசவத்துக்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிட்டதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் விலக்கியும், ஜென்டாமைசினையும் குளிரையும் ஒரே உடலில் வைத்துப் பார்க்கவேண்டும். எந்தத் தாயிடமும் போய் அதற்கு ஒப்புதல் கேட்க முடியாது. எலிக்குட்டியில் அதைச் செய்யலாம், செய்ய ஆகும் செலவும் அதிகமில்லை.